விழுந்த பிறகு மறுபடி நடப்பது யார்? அமெரிக்க முதியவர்களும் இன வேறுபாடும் (விவாத இழை)

கயல்_பால்டிமோர்

எல்லோருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். முதியோர் நடமாட்டம் பற்றிய பாடத்தில் ஒரு விஷயம் மனசைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இங்கே பிசியோ, நர்ஸ், புள்ளியியல் என்று பல துறைக்காரர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களில் ஆண்டுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருமே கீழே விழுந்தவர்கள். நான்கில் மூன்று பேர் பெண்கள். இந்த முறிவு வெள்ளையினப் பெண்களுக்குத்தான் அதிகம், கறுப்பினப் பெண்களுக்குக் குறைவு. ஆனால் முறிந்த பிறகு நிலைமை தலைகீழ். நடக்க முடியாத நிலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறுவதும், அதையடுத்த மாதங்களில் இறந்துபோவதும் கறுப்பினப் பெண்களிடம் அதிகம் என்று 1980களின் கடைசியிலிருந்தே ஆய்வுகள் வந்திருக்கின்றன.

குறைவாக முறிகிறவர்கள் ஏன் குறைவாக மீள்கிறார்கள்? வகுப்பில் "பல காரணங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

மதுரை_முருகேசன்

நல்ல கேள்வி தங்கச்சி. உடலியல் பக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். கறுப்பின அமெரிக்கர்களுக்கு எலும்பு அடர்த்தி சராசரியாக அதிகம் என்று பல அளவீடுகள் காட்டியிருக்கின்றன. முறிவு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியென்றால் மீள்வதிலும் உடலியலுக்குப் பங்கு இருக்கலாமே? சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு மூன்றும் அவர்களிடம் அதிகம். தென்கிழக்கு மாநிலங்களுக்குப் "பக்கவாதப் பட்டை" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தனை நோயோடு இருப்பவர் விழுந்தால் எழுவதும் தாமதமாகத்தானே செய்யும்? எல்லாவற்றுக்கும் சமூகத்தையே காரணம் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

பிசியோ_ரேவதி

முருகேசன் அண்ணா சொல்லும் நோய்கள் உண்மைதான், வேலையில் தினமும் பார்க்கிறேன். ஆனால் நோய் மட்டுமே காரணம் என்றால், ஆபரேஷன் முடிந்து முதல்முறை எழுப்பி நிறுத்தும்போதே வித்தியாசம் எல்லாம் தெரிந்துவிட வேண்டும். அப்படித் தெரிவதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கால் நடுங்குகிறது. இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி, "வாக்கரைத் தள்ளுங்கள், அடிபட்ட காலை முன்னால் வையுங்கள், கைக்குப் பாரம் கொடுத்து நல்ல காலைக் கொண்டுவாருங்கள்" என்கிறோம். யாராக இருந்தாலும் முதல் நாள் கட்டிலிலிருந்து நாற்காலி வரைதான்.

பாதை பிரிவது அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே போகிறீர்கள் என்பதுதான் பாதி விஷயம். ரீஹாப் (மறுபடி இயங்கப் பயிற்சி தரும்) ஆஸ்பத்திரிக்குப் போனால் நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள் பயிற்சி கிடைக்கும். நர்சிங் ஹோமோடு (இங்கே அது முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம்) சேர்ந்த ரீஹாப் பிரிவில் அவ்வளவு தீவிரம் இருக்காது. அந்தப் பிரிவுக்கு மெடிகேர், அதாவது முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அதிகபட்சம் 100 நாள் பணம் கொடுக்கும். முதல் 20 நாள் முழுசாக. 21ஆம் நாளிலிருந்து நோயாளியும் பங்கு கட்ட வேண்டும், இப்போது அது நாளுக்கு 200 டாலருக்கு மேல். துணை இன்சூரன்ஸ் இருப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இல்லாதவர்கள் 20ஆம் நாள் நெருங்கும்போதே "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். நடை சரியாகிவிட்டதா என்பது அப்போது கணக்கிலேயே வருவதில்லை.

நர்சிங் ஹோம்களும் ஒரே தரம் இல்லை. கறுப்பின முதியவர்கள் பெரும்பாலும் மெடிகெய்டை (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நம்பி ஓடும், ஆள் குறைவான இடங்களில்தான் குவிகிறார்கள். ஆய்வுகள் இதைப் பலமுறை காட்டிவிட்டன. அவரவர் வீட்டுப் பக்கத்தில்தானே இடம் தேடுவார்கள்? குடியிருப்பு பிரிந்து கிடக்கும் ஊரில் நர்சிங் ஹோமும் பிரிந்துதான் கிடக்கும்.

அப்புறம் வீடு. எங்கள் பயிற்சிக் கூடத்தில் மரத்தால் செய்த நான்கு படி இருக்கும், இரண்டு பக்கமும் கைப்பிடி. "ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்" என்று சொல்லிக்கொடுத்து, நான்கு படி ஏறி இறங்கிவிட்டால் தாளில் டிக் போடுகிறோம். ஆனால் பிலடெல்பியா, பால்டிமோர் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில்தான். செங்குத்தான, குறுகலான படி, ஒரே ஒரு பக்கம் கைப்பிடி. சில வீடுகளில் அதுவும் ஆடும். டிக் வாங்கிக்கொண்டு போனவர் அந்தப் படியைப் பார்த்துவிட்டு முன்னறைச் சோபாவிலேயே தங்கிவிடுகிறார். பக்கத்தில் ஒரு கம்மோடு நாற்காலி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தொடைச் சதை வற்றியிருக்கும். அதைத்தான் நாம் "மீளவில்லை" என்று எழுதுகிறோம்.

எண்ணாளன்

ரேவதி அக்கா சொன்னதைப் படித்த பிறகு அளவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. "மீண்டார்" என்பதை யார், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

1992இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தொடங்கிய பெரிய தொடராய்வு 50 வயது தாண்டியவர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேட்டி காண்கிறது. பல தெருக்கள் நடக்க முடிகிறதா, ஒரு தெரு நடக்க முடிகிறதா, ஓய்வெடுக்காமல் ஒரு மாடி ஏற முடிகிறதா என்று கேட்பார்கள். எல்லா இனத்தவரும் போதிய அளவில் இருப்பது அதன் பலம். ஆனால் இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒருவர் படுத்து, எழுந்து, மறுபடி படுத்திருக்கலாம். அது எதுவும் பதிவாகாது.

மறுபக்கம் யேல் பல்கலைக்கழகத்தார் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் வட்டாரத்தில் 70 வயது தாண்டிய 754 பேரை 1998 முதல் மாதாமாதம் போனில் அழைத்துக் கேட்டார்கள். 2004இல் வெளிவந்த முடிவு பலரையும் ஆச்சரியப்படுத்தியது: குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்றவற்றுக்குப் புதிதாகப் பிறர் உதவி தேவைப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் 12 மாதத்துக்குள் சொந்தமாகச் செய்யும் நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். முதுமையில் விழுந்தால் அவ்வளவுதான் என்ற நம்பிக்கையை அந்த எண் உடைத்தது. ஆனால் அந்த 754 பேரில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். எல்லோருமே ஒரே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உறுப்பினர்கள். மீட்சியை மிக நுணுக்கமாக அளந்த ஆய்வில், நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் மக்கள் அநேகமாக இல்லை.

முருகேசன் அண்ணா கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், அது உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும். வலுவான எலும்பு முறிய வேண்டுமென்றால் ஆள் ஏற்கெனவே மோசமாக நோயுற்றிருக்க வாய்ப்பு அதிகம். எனவே முறிந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால், கறுப்பினக் குழுவில் நோய்ப்பட்டவர்கள் கூடுதலாக இருப்பார்கள். இது எதிர்ப்பக்கமும் இழுக்கும். இளமையிலேயே பலர் இறந்துபோவதால் 85 வயது வரை வந்துசேரும் கறுப்பின முதியவர்கள் உறுதியானவர்கள். அந்த வயதை ஒட்டி இறப்பு விகிதமே இடம் மாறி, வெள்ளையரைவிடக் குறைவாகப் பதிவாகிறது. ஆகவே எந்த வயதில், எந்த நோயில் ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் "இவர்கள் குறைவாக மீள்கிறார்கள்" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

கயல்_பால்டிமோர்

நான் எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைக்கிறது, நன்றி. எண்ணாளன் சார், படிப்பு, வருமானம், சொத்து எல்லாம் சமமாக இருந்தால் வித்தியாசம் மறைந்துவிடுமா? அதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

மதுரை_முருகேசன்

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். மறைந்தால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

எண்ணாளன்

இரண்டு ஆய்வு சொல்கிறேன்.

1997இல் பிட்ஸ்பர்க், மெம்பிஸ் இரண்டு ஊரிலும் 70 முதல் 79 வயது வரையிலான 3,075 பேரைச் சேர்த்தார்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும். சேரும்போது கால் மைல் நடக்கவோ பத்துப் படி ஏறவோ யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. அதாவது எல்லோரும் நல்ல காலோடு தொடங்கியவர்கள். பிறகு நடை தளர்வது கறுப்பினத்தவரிடம் கூடுதலாக இருந்தது. ஆனால் வருமானம், படிப்பு, வாசிப்புத் திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டதும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி சுருங்கிப்போனது.

இரண்டாவது உங்கள் ஊரிலேயே நடந்தது கயல். தென்மேற்கு பால்டிமோரில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து வாழும், இருவருமே ஏழைகளாக இருக்கும் ஒரு பகுதியில் 2003இல் ஆய்வு செய்தார்கள். நாடு முழுக்கச் சர்க்கரை நோயில் தெரியும் இன வேறுபாடு அங்கே இல்லாமல் போனது. ரத்தக் கொதிப்பிலும் இடைவெளி குறைந்தது. ஒரே தெரு, ஒரே கடை, ஒரே கிளினிக் என்றால் உடம்பும் ஒரே மாதிரி கெடுகிறது.

முழுவதும் மறைகிறதா என்றால், எல்லா ஆய்விலும் இல்லை. மிச்சம் கொஞ்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தை ஜீன் என்று எழுதிவிடுவது அவசர முடிவு. இன்றைய வருமானத்தைச் சமன் செய்தால் கடந்த 70 ஆண்டு சமனாகிவிடாது.

தமிழரசி_அட்லாண்டா

கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள்.

இன்று 80 வயதான ஒரு கறுப்பினப் பாட்டி மிசிசிப்பியில் 1945ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். பள்ளிகளை இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்னது. ஆனால் அந்த மாநிலத்தில் அது உண்மையாகவே நடப்புக்கு வர 1970 ஆகிவிட்டது. அதற்குள் அவர் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார். என்ன வேலை கிடைத்திருக்கும்? பருத்திக் காடு, இல்லையென்றால் பிறர் வீட்டு வேலை. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டார்கள். தென்மாநிலக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் செய்த வேலை அந்த இரண்டுதான். 1950களில்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். அந்தப் பாட்டியின் அப்பா அம்மாவுக்கு முதுமையில் கிடைத்த ஓய்வூதியம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களைத் தாங்கியதும் இந்தப் பாட்டியின் சம்பளம்தான்.

ஆஸ்பத்திரியும் அப்படித்தான். அவர் சிறுமியாக இருந்தபோது கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு, பல இடங்களில் அனுமதியே இல்லை. மெடிகேர் சட்டத்தில் 1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறை. இனப் பிரிவினையை விடாத ஆஸ்பத்திரிக்கு அந்தப் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் நான்கே மாதத்துக்குள் பிரிவினையைக் கைவிட்டன. எனக்கு இந்த நாட்டின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பக்கம் இது. நூறு ஆண்டு பேசியும் நடக்காததைப் பணத்தோடு கட்டிய ஒரு நிபந்தனை நடத்திக் காட்டியது. ஆனால் அப்போது அந்தப் பாட்டிக்கு 21 வயது. வளரும் வயதில் கிடைக்காத மருத்துவம் கிடைக்காததுதான்.

சொத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் வரிசைப்படுத்தினால் சரிநடுவில் வரும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். அதேபோல் கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900, ஹிஸ்பானிய (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) குடும்பத்துக்கு 61,600. ரேவதி சொன்ன 21ஆம் நாள் பணத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

சேகர்_சான்அன்டோனியோ

ஹிஸ்பானியர் பக்கத்தை யாரும் தொடவில்லையே. நான் டெக்சாஸில் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ், என் நோயாளிகளில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி முதியவர்கள். இங்கே படம் வேறு மாதிரி.

வருமானம் குறைவு, படிப்பு குறைவு, காப்பீடும் குறைவு. ஆனாலும் ஆயுள் வெள்ளையரைவிடக் குறைவதில்லை, பல கணக்குகளில் கூடுதல்கூட. இந்தப் புதிரை 1986இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் இருவர் எழுத்தில் வைத்தார்கள். 1993–94இல் டெக்சாஸ், கலிபோர்னியா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஐந்து மாநிலத்திலும் 65 வயது தாண்டிய 3,050 மெக்சிகோ வம்சாவளியினரைப் பின்தொடரத் தொடங்கினார்கள். அதிலிருந்தும் பிற ஆய்வுகளிலிருந்தும் தெரிவது: நீண்ட நாள் வாழ்கிறார்கள், ஆனால் அதில் நிறைய ஆண்டு நடமாட்டச் சிரமத்தோடுதான். சாவு தள்ளிப்போகிறது, முட்டிவலி தள்ளிப்போவதில்லை. சர்க்கரை, உடல் எடை, வாழ்நாள் முழுக்கச் செய்த கட்டட வேலையும் தோட்ட வேலையும் எல்லாம் கடைசியில் காலில்தான் வந்து நிற்கின்றன.

ஒரு விஷயம் நேரில் பார்த்தது. ஒரு வீட்டுக்குப் போனால் பாட்டியைச் சுற்றி மகள், மருமகள், பேத்தி என்று நான்கு பேர். பாட்டி எழுந்திருக்க முனைந்தால் மூன்று பேர் ஓடிவந்து தண்ணீரைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு. அந்த அன்பினால்தான் நர்சிங் ஹோம் தேவைப்படாமல் வீட்டிலேயே இருக்கிறார். அதே அன்பினால்தான் நாள் முழுக்க நாற்காலியைவிட்டு எழுவதே இல்லை. நான் ஸ்பானிஷில் சொல்வது ஒன்றுதான்: "தண்ணீரை நீங்கள் கொடுக்காதீர்கள், பாட்டியோடு சமையலறை வரை நடந்து போங்கள்." சரி என்று புரிந்துகொள்ளும் குடும்பத்தில் சில வாரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது.

நியூஜெர்சி_நளினி

சேகர் அண்ணா, அது எங்கள் வீடும்தான். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது "அம்மா நீங்க உட்காருங்க" என்று சொல்லாத ஆள் வீட்டில் இல்லை.

ஆசியர் என்று ஒரே கட்டத்தில் போடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று தலைமுறையாக இங்கிருக்கும் ஜப்பானியக் குடும்பத்துப் பெரியவரும், போரில் தப்பி அகதியாக வந்த கம்போடியப் பாட்டியும், மகன் கூப்பிட்டு 70 வயதில் வந்த எங்கள் மாமியாரும் ஒரே கட்டத்தில். சராசரி நன்றாக வருகிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் மாமியார் மாதிரி கிரீன் கார்டில் வந்து இங்கே வேலை பார்க்காதவர்கள் தொடர்ந்து ஐந்து ஆண்டு தங்கிய பிறகுதான் மெடிகேரைப் பணம் கட்டியாவது வாங்க முடியும். அந்த ஐந்து ஆண்டுக்குள் விழுந்தால் பிசியோ செலவு பெரும்பாலும் மகன் தலையில்தான்.

மதுரை_முருகேசன்

தமிழரசி அம்மா எழுதியது என்னை அசைத்துவிட்டது. ஜீன் வாதத்தை நான் இனி அழுத்தப்போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சம். முட்டி மாற்று ஆபரேஷன் கறுப்பினத்தவருக்குக் குறைவாக நடக்கிறது என்கிறார்கள். மெடிகேர் எல்லோருக்கும் இருக்கிறதே? அவர்களே வேண்டாம் என்று சொல்வதும் உண்டு என்று படித்திருக்கிறேன். அப்போது யாரைக் குறை சொல்வது?

ராஜி_எக்ஸ்ரே

இது என் துறை, விரிவாகவே எழுதுகிறேன்.

வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த "வேண்டாம்" எங்கிருந்து வருகிறது? சொந்தத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக நடப்பவர் ஒருவரையும் பார்த்திராத குடும்பத்தில், கத்தி என்றால் பயம்தான் முதலில் வரும். பிட்ஸ்பர்கில் முட்டி தேய்ந்த கறுப்பின நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள், 2017இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஆபரேஷனின் நன்மை, ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் விளக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். ஓராண்டுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அந்தக் குழுவில் மற்றக் குழுவைப் போல ஏறக்குறைய இரட்டிப்பு. யாரையும் வற்புறுத்தவில்லை, விஷயத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அப்போதும் பெரும்பாலோர் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை, அது அவர்கள் உரிமை.

இன்னொன்று எக்ஸ்-ரே. முட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை 0 முதல் 4 வரை மதிப்பிடுகிறோம். அந்த அளவுகோல் 1957இல் வெளியானது, பிரிட்டனில் வெள்ளையரின் படங்களைப் பார்த்து உருவாக்கியது. எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்திருக்கிறதா, ஓரத்தில் முள் போல வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு முட்டிகளில் கறுப்பின நோயாளி கூடுதல் வலி சொல்வார். "படத்தில் ஒன்றுமில்லை, மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிடுவதும் நடந்திருக்கிறது.

2021இல் ஒரு குழு கணினிக்கு வேறு விதமாகக் கற்றுக்கொடுத்தது. டாக்டர் போடும் மதிப்பெண்ணைக் கற்றுக்கொடுக்காமல், படத்தைப் பார்த்து நோயாளி எவ்வளவு வலி சொல்வார் என்று கணிக்கச் சொன்னார்கள். வழக்கமான மதிப்பெண் கறுப்பின நோயாளிகளின் கூடுதல் வலியில் 9 சதவீதத்தைத்தான் விளக்கியது. கணினி அதே படங்களிலிருந்து 43 சதவீதத்தை விளக்கியது. அதாவது வலிக்கான அடையாளம் முட்டியிலேயே இருந்திருக்கிறது. நம் அளவுகோலுக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு யாரை அனுப்புவது என்பதில் இந்த மதிப்பெண்ணும் பங்கெடுக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்த நாளிலிருந்து ரிப்போர்ட் எழுதும்போது என் கை கொஞ்சம் நிதானிக்கிறது.

மதுரை_முருகேசன்

இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. நன்றி ராஜி. இந்த இழையை என் நண்பர்களுக்கும் அனுப்புகிறேன்.

கயல்_பால்டிமோர்

காரணம் இவ்வளவு என்றால், எதைச் செய்தால் மாறும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. ரேவதி அக்கா படிக்கட்டைப் பற்றி எழுதியதும் அதுதான் ஞாபகம் வந்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நர்சிங் பள்ளியில் உருவாக்கிய ஒரு திட்டம். வருமானம் குறைந்த முதியவர் வீட்டுக்கு மூன்று பேர் போகிறார்கள்: ஒரு நர்ஸ், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சொந்தமாகச் செய்யப் பழக்குபவர்), வீட்டைப் பழுது பார்க்க ஒரு ஆள். நான்கைந்து மாதத்தில் மொத்தம் பத்து முறை வரை வருவார்கள். முதலில் கேட்பது நோயைப் பற்றி அல்ல, "உங்களுக்கு எதைச் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்?" என்றுதான். மாடிக்குப் போய்ச் சொந்தக் கட்டிலில் தூங்க வேண்டும் என்பார் ஒருவர். குளியல் தொட்டிக்குள் பயமில்லாமல் இறங்க வேண்டும் என்பார் இன்னொருவர். அதற்கேற்பப் பழுது பார்ப்பவர் படியின் மறுபக்கம் கைப்பிடி போடுவார், கழிப்பறை இருக்கையை உயர்த்துவார், ஆடும் தரைப் பலகையை ஆணியடித்து நிறுத்துவார். இந்த வேலைக்கு ஒரு வீட்டுக்கு 1,300 டாலர் வரைதான் ஒதுக்கினார்கள். தெரபிஸ்ட் அதே படியில் பயிற்சி கொடுப்பார். தலைசுற்ற வைக்கும் மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று நர்ஸ் பார்ப்பார்.

2016இல் வந்த முடிவு: தொடக்கத்தில் குளிப்பது, உடுத்துவது, கட்டிலிலிருந்து எழுவது போன்ற எட்டு அன்றாட வேலைகளில் சராசரியாக நான்கில் சிரமப்பட்டவர்கள், ஐந்து மாதம் கழித்து இரண்டில் மட்டுமே சிரமப்பட்டார்கள். கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். குறைவாக மீள்கிறவர்கள் என்று நாம் பேசிக்கொண்டிருந்த அதே மக்கள்.

எண்ணாளன்

உடற்பயிற்சிக்கும் ஒரு எண் சேர்த்துவிடுகிறேன். எட்டு மையங்களில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேர், எல்லோரும் உட்கார்ந்தே இருந்து பழகியவர்கள். ஒரு பாதிக்கு நடையும் தசைப் பயிற்சியும், மறுபாதிக்கு உடல்நல வகுப்புகள். சராசரி 2.6 ஆண்டில் 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம், வகுப்புக் குழுவில் 35.5. 2014இல் வெளிவந்தது. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் அந்த வயதில் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதலாக நடக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயமும் இல்லை. நடப்பதற்கு நடைபாதையும், பயமில்லாத தெருவும் வேண்டும் என்பது தனி.

நியூஜெர்சி_நளினி

ரேவதி அக்கா, ஒரு நடைமுறைக் கேள்வி. ரீஹாப் பிரிவில் "இனி முன்னேற்றம் இல்லை, நாளை மறுநாள் அனுப்புகிறோம்" என்றால் கேட்டுக்கொண்டு வந்துவிட வேண்டியதுதானா? பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெரியவர் ஒருவருக்கு இப்போது அதுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்.

பிசியோ_ரேவதி

நளினி, இன்றைக்கே அவர்களிடம் சொல்லுங்கள், நேரம் முக்கியம்.

மெடிகேர் பணம் நிற்கப்போகிறது என்றால் குறைந்தது இரண்டு நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதில் ஒரு போன் நம்பர் இருக்கும். அது அந்த நர்சிங் ஹோமின் நம்பர் இல்லை, மறுபரிசீலனை செய்யும் வெளி அமைப்பின் நம்பர். பணம் நிற்கும் நாளுக்கு முந்தின நாள் மதியம் 12 மணிக்குள் அதை அழைத்து மேல்முறையீடு என்று சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அறிவிப்பில் கையெழுத்துப் போட்டால் வாங்கிக்கொண்டேன் என்றுதான் அர்த்தம், சம்மதம் என்று அர்த்தமில்லை. நிறையப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள்.

"முன்னேற்றம் இல்லை" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்தக் கூடாது. வெர்மான்டில் ஜிம்மோ என்ற மூதாட்டி முன்னின்று போட்ட வழக்கில் 2013இல் உடன்பாடு ஏற்பட்டது. இருக்கும் நிலை கெடாமல் காக்கவும் தேர்ந்த பயிற்சி தேவையென்றால் மெடிகேர் கொடுக்க வேண்டும். அழைக்கும்போது "ஜிம்மோ" என்ற பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் என்றாலும் இந்த மேல்முறையீடு உண்டு. கறுப்பினத்தவரிலும் ஹிஸ்பானியரிலும் அந்த வகைத் திட்டத்தில் இருப்பவர்கள் வெள்ளையரைவிட அதிக விகிதம், அங்கேதான் முன் அனுமதி, சீக்கிரம் அனுப்புதல் எல்லாம் அதிகம் பார்க்கிறேன்.

வீட்டில் எத்தனை படி, எந்தப் பக்கம் கைப்பிடி, குளியலறை எந்த மாடியில் என்று ஒரு தாளில் எழுதிப் பிசியோவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இவ்வளவு படி ஏறினால்தான் வீட்டில் இருக்க முடியும் என்று அவர் குறிப்பில் எழுதினால் மேல்முறையீட்டில் அது பேசும்.

சேகர்_சான்அன்டோனியோ

அந்த அறிவிப்புப் படிவம் ஸ்பானிஷிலும் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.

நியூஜெர்சி_நளினி

இப்போதே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன் அக்கா. மதியத்துக்குள் அழைத்துவிடுவோம்.